லேட் ரிஜிஸ்டரில் ஒரு மழை நாள்

போன வெள்ளிக்கிழமையோடு செக்‌ஷன் பொறுப்பிலிருந்து விடுபட்டேன். ஒப்படைப்பதென்றால் முதலில் சாவி, பிறகு முத்திரை, கோப்புப் பட்டியல், கடைசியாகப் பதிவேடுகள். பதிவேடுகளில் ஒவ்வொரு பக்கத்தையும் எண்ணி, இத்தனை பக்கம் எழுதப்பட்டிருக்கிறது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். அப்படி எண்ணும்போதுதான் செவ்வாய்க்கிழமை லேட் ரிஜிஸ்டர் கையில் வந்தது. இரண்டு வருஷமாக நான் ஒருத்தி மட்டும் எழுதிய நோட்டு. வரிசை எண், தேதி, பெயர், வந்த நேரம், காரணம் என்று ஐந்து கட்டம். எழுதியதை நான் ஒரு நாளும் திரும்பப் படித்ததில்லை.

ஒரு மழை நாளில் வந்து விரல் நின்றுவிட்டது. அன்றைக்கு மட்டும் ஒன்பது பேர் லேட். என் பக்கத்து மேசைப் பெண் 10.25க்கு வந்திருக்கிறாள். காரணம்: ‘மழை, பஸ் இல்லை.’ அதற்கு அடுத்த வரியில் அந்தக் கோடியில் பீரோவுக்குப் பின்னால் உட்காரும் சார். வந்த நேரம் 10.20. காரணம்: ‘வழக்கம்போல்.’

அவளுக்கு ஐந்து நிமிஷம் முன்னாலேயே வந்திருக்கிறார். அதே மழை, அதே சாலை. இரண்டு வரியையும் ஒரே பேனாவால் ஒரே மூச்சில் எழுதியிருக்கிறேன், மையின் அழுத்தம்கூட மாறவில்லை.

சாயங்காலம் எல்லோரும் கிளம்பிய பிறகு ஒரு தாளை எடுத்து எண்ண ஆரம்பித்தேன். இரண்டு வருஷத்தில் அவள் லேட்டாக வந்தது 14 தடவை. அவர் 12 தடவை. அவளுடைய பதினான்கிலும் காரணக் கட்டம் நிறைந்திருந்தது: பஸ், மழை, பிள்ளைக்குக் காய்ச்சல், பேங்க் வேலை, தலைவலி. அவருடைய பன்னிரண்டில் ஐந்து ‘வழக்கம்போல்’. மூன்றில் வெறும் கோடு. இரண்டில் ‘சொல்லவில்லை’. ஒன்றில் ‘பஸ்’. ஒன்றில் ‘அக்கறையின்மை’.

‘சொல்லவில்லை’ என்று எழுதியிருக்கிறேனே, நான் கேட்டேனா? கேட்ட ஞாபகமே இல்லை. அவளிடமும் கேட்டதில்லைதான். அவள் பையை மேசையில் வைப்பதற்குள்ளாகவே “அக்கா, இன்னிக்கு என்ன ஆச்சு தெரியுமா” என்று தானே தொடங்கிவிடுவாள். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேசாமல் தன் இடத்துக்குப் போய்விடுவார்.

‘அக்கறையின்மை’ என்ற சொல்லைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிற்றைப் பிசைந்தது. கதவைத் திறந்து உள்ளே வந்த ஒரு மனுஷனைப் பார்த்த மாத்திரத்தில் அவருடைய குணம் இன்னதென்று தீர்ப்பு எழுதி, அதை அலுவலகப் பதிவேட்டில் ஏற்றியிருக்கிறேன்.

நான் தொலைதூரக் கல்வியில் உளவியல் எம்.ஏ. படிக்கிறேன். சமூக உளவியல் தாளில், ஒருவர் நடத்தைக்கு நாம் எப்படிக் காரணம் கற்பிக்கிறோம் என்பது ஒரு பாடம். ஒருவரை நமக்கு ஏன் பிடித்துப்போகிறது என்பது அடுத்த பாடம். இரண்டுக்கும் தனித்தனி நோட்டுப் போட்டுக் குறிப்பெடுத்திருந்தேன். அந்தச் செவ்வாய்க்கிழமை இரவு இரண்டு நோட்டையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பிடித்தவருக்குச் சூழ்நிலையைக் காரணமாக எழுதுகிறேன், பிடிக்காதவருக்குக் குணத்தை. எழுதிய காரணம் மறுநாள் அந்தப் பிடிப்பையும் வெறுப்பையும் இன்னும் கெட்டிப்படுத்துகிறது. ஒரே சக்கரத்தை இரண்டு பாடமாகப் பிரித்துப் படித்துக்கொண்டிருந்திருக்கிறேன் என்று அப்போதுதான் பட்டது.

காரணம் தேடாமல் நம்மால் இருக்கவே முடியாது. ஃபிரிட்ஸ் ஹைடர், மரியான் சிம்மல் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1944இல் ஒரு சின்னப் படம் காட்டினார்கள். ஒரு பெரிய முக்கோணம், ஒரு சிறிய முக்கோணம், ஒரு வட்டம், கதவு போலத் திறந்து மூடும் ஒரு பெட்டி. அவ்வளவுதான் படம். என்ன பார்த்தீர்கள் என்று முதல் குழுவில் 34 மாணவிகளைக் கேட்டார்கள். முக்கோணம் இப்படி நகர்ந்தது, வட்டம் அப்படி நகர்ந்தது என்று வடிவங்களை மட்டும் சொன்னது ஒரே ஒரு பெண். மற்றவர்களுக்குப் பெரிய முக்கோணம் முரடனாகிவிட்டது, வட்டம் பயந்துபோனது, சின்ன முக்கோணம் அதைக் காப்பாற்றப் பார்த்தது. உயிரில்லாத முக்கோணத்துக்கே குணம் கொடுத்துவிடுகிறோம். அதே ஹைடர்தான் 1958இல் எழுதிய நூலில், ஒரு செயலுக்கு நாம் சொல்லும் காரணம் ஆளுக்குள் இருக்கிறதா, ஆளுக்கு வெளியே இருக்கிறதா என்ற கேள்வியை முன்னால் கொண்டுவந்தார்.

ஆளுக்குள்ளேயே தேடுவதில் நமக்கு எவ்வளவு பிடிவாதம் என்பதை 1967இல் எட்வர்ட் ஜோன்ஸும் விக்டர் ஹாரிஸும் காட்டினார்கள். கியூபாவின் தலைவர் ஃபிடல் காஸ்ட்ரோவை ஆதரித்தும் எதிர்த்தும் எழுதிய கட்டுரைகளைப் படிக்கக் கொடுத்தார்கள். இதை எழுதியவர் தானாக எழுதவில்லை, இந்தப் பக்கம்தான் எழுத வேண்டும் என்று சொல்லி எழுதவைத்தோம் என்று வெளிப்படையாகச் சொன்ன பிறகும், ஆதரித்து எழுதியவர் உள்ளுக்குள் கொஞ்சம் ஆதரவாளர்தான் என்றே படித்தவர்கள் மதிப்பிட்டார்கள். லீ ராஸ் 1977இல் இந்தச் சாய்வுக்கு ‘அடிப்படைக் காரணப் பிழை’ என்று பெயர் வைத்தார். அடிப்படை என்ற சொல்லை மட்டும் நான் கொஞ்சம் எச்சரிக்கையோடுதான் எடுத்துக்கொள்கிறேன். ஜோன் மில்லர் 1984இல் சிகாகோவிலும் மைசூரிலும் உள்ளவர்களை ஒப்பிட்டார். சின்னப் பிள்ளைகளிடம் பெரிய வித்தியாசம் இல்லை. வயது ஏற ஏற சிகாகோக்காரர்கள் குணத்தை அதிகமாகச் சொன்னார்கள், மைசூர்க்காரர்கள் சந்தர்ப்பத்தை அதிகமாகச் சொன்னார்கள். ஆக, இந்தச் சாய்வில் பெரும்பங்கு வளர வளர வருவது.

ஹெரால்ட் கெல்லி 1967இல் சொன்ன வழி எனக்கு ரொம்பப் பிடித்தது, தேர்வுக்கு முதலில் மனப்பாடம் செய்ததும் அதைத்தான். ஒருவர் ஒன்றைச் செய்தால் மூன்று கேள்வி கேள் என்கிறது அது. மற்றவர்களும் இப்படித்தான் செய்கிறார்களா? இவர் இந்த விஷயத்தில் மட்டும் இப்படியா, எல்லாவற்றிலுமா? எப்போதும் இப்படியா, இன்றைக்கு மட்டுமா? மழை நாளுக்கு முதல் கேள்வியே போதும். ஒன்பது பேர் லேட் என்றால் காரணம் வானத்தில் இருக்கிறது. அந்த ஒன்பது பெயரையும் என் கையாலேயே வரிசையாக எழுதியிருக்கிறேன். விடை என் கண் முன்னாலேயே இருந்தது.

அப்படியானால் ஏன் ‘வழக்கம்போல்’ என்று எழுதினேன்? இதற்கு எனக்குக் கிடைத்த நல்ல பதில் டேனியல் கில்பர்ட் குழுவினர் 1988இல் செய்த ஆய்வில் இருந்தது. ஒரு பெண் பேசும் சின்னச் சின்னக் காட்சிகளைச் சத்தம் இல்லாமல் காட்டினார்கள். பெரும்பாலான காட்சிகளில் அவள் பதற்றமாக இருக்கிறாள். எதைப் பற்றிப் பேசுகிறாள் என்பது மட்டும் கீழே எழுத்தில் வரும். சிலருக்குக் காட்டியது யாரையும் கூச வைக்கும் அந்தரங்கத் தலைப்புகள், சிலருக்குச் சாதாரணத் தலைப்புகள். அந்தரங்கத்தைப் பேசச் சொன்னால் யாரும்தான் பதறுவார்கள், அதனால் அவள் சுபாவத்திலேயே பதற்றக்காரி என்று சொல்லக் கூடாது. சும்மா பார்த்தவர்கள் இந்தக் கணக்கைச் சரியாகப் போட்டார்கள். இன்னும் சிலரிடம், பார்த்துக்கொண்டே அந்தத் தலைப்புகளை மனப்பாடமும் செய்யச் சொன்னார்கள். அவர்கள் தலைப்புகளை நன்றாகவே ஞாபகம் வைத்திருந்தார்கள், ஆனால் அந்தப் பெண்ணை எடைபோடும்போது அவற்றைக் கணக்கில் சேர்க்கவில்லை. முதலில் குணம் என்று மனசு தானாகச் சொல்லிவிடுகிறது. பிறகு ‘பொறு, சூழ்நிலை என்ன’ என்று திருத்திக்கொள்ளத் தனியாக உழைக்க வேண்டியிருக்கிறது. தலையில் வேறு பாரம் இருந்தால் அந்த உழைப்புக்கு இடமில்லாமல் போகிறது.

இதைப் படித்தபோது என் காலை நேரம் அப்படியே கண் முன்னால் வந்தது. 10.30க்குள் லேட் பட்டியல் மேலே போயாக வேண்டும். ஒரு போன் காதில், இன்னொரு போன் மேசையில் அடித்துக்கொண்டிருக்கும், முந்தைய நாள் தபாலுக்கு யாராவது கையெழுத்துக் கேட்டு நிற்பார்கள். மழை எனக்குத் தெரியும், ஜன்னல் வழியாகத் தெரிந்தது. தெரிந்ததைக் கோடி மேசைக்காரரின் வரி வரைக்கும் கொண்டுபோகவில்லை. அவள் வரி வரைக்கும் கொண்டுபோனேனே, அது எப்படி என்பதுதான் உறுத்தியது.

அவளை எனக்குப் பிடிக்கும், இதை மறைக்க ஒன்றுமில்லை. ஏன் பிடிக்கும் என்று கேட்டிருந்தால், நல்ல பெண், மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டாள், என் பேச்சைப் புரிந்துகொள்வாள் என்று சொல்லியிருப்பேன். எல்லாம் அவள் குணம். இரண்டாவது நோட்டைப் பிரித்தபோது வேறு பதில்கள் இருந்தன.

முதலாவது, மேசை. லியோன் ஃபெஸ்டிங்கர், ஸ்டான்லி ஷாக்டர், கர்ட் பேக் மூன்று பேரும் அமெரிக்காவின் எம்.ஐ.டி. மாணவர் குடும்பங்கள் வாழ்ந்த குடியிருப்பு ஒன்றை ஆராய்ந்து 1950இல் வெளியிட்டார்கள். இரண்டு மாடிக் கட்டடங்கள், ஒவ்வொன்றிலும் பத்து வீடு. யார் எந்த வீட்டுக்கு என்பதை அவரவர் விருப்பப்படி தேர்ந்தெடுக்கவில்லை. ஒரே மாடியில் அடுத்த வீட்டுக்காரரை நெருங்கிய நண்பராகச் சொன்னவர்கள் 41 சதவீதம். இரண்டு வீடு தள்ளி என்றால் 22. மூன்று வீடு தள்ளி 16. மாடியின் இரு கோடி வீடுகளுக்குள் 10. சில அடி தூரத்துக்குள் இவ்வளவு வித்தியாசம். மாடிப்படிக்கு அருகில் குடியிருந்த கீழ்வீட்டுக்காரர்களுக்கு மேல்மாடியில் நண்பர்கள் அதிகமாக இருந்தார்கள், படியேறிப் போகிறவர்கள் அந்தக் கதவைத் தாண்டித்தானே போக வேண்டும். என் மேசையிலிருந்து அவள் மேசைக்குக் கையை நீட்டினால் போதும். கோடி மேசைக்குப் போக இருபத்திரண்டு அடி எடுத்துவைக்க வேண்டும், நடுவில் பீரோ மறைக்கிறது. மறுநாள் காலையில் நடந்து எண்ணிப் பார்த்தேன்.

இரண்டாவது, தினமும் பார்த்த முகம். ராபர்ட் ஸயான்ஸ் 1968இல், ஒன்றைத் திரும்பத் திரும்பப் பார்த்தாலே பிடிப்பு கூடுகிறது என்று காட்டினார். மோர்லேண்டும் பீச்சும் 1992இல் இதை வகுப்பறையில் செய்து பார்த்தார்கள். தோற்றத்தில் ஏறக்குறைய ஒரே மாதிரியான நான்கு பெண்கள். ஒருத்தி வகுப்புக்கு வரவே இல்லை, ஒருத்தி 5 தடவை, ஒருத்தி 10, ஒருத்தி 15. யாரோடும் ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசியில் நான்கு பேர் படத்தையும் மாணவர்களிடம் காட்டியபோது, அதிகம் வந்தவளையே அதிகம் பிடித்திருந்தது. பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்று நம்மிடம் ஒரு பழமொழி இருக்கிறதே என்று தோன்றும். அதுவும் வீண்பேச்சு இல்லை. எபெசனும் உடன் ஆய்வாளர்களும் 1976இல் ஒரு குடியிருப்பில், பிடித்தவர் யார் என்பதோடு பிடிக்காதவர் யார் என்றும் கேட்டார்கள். பிடிக்காதவரும் பக்கத்தில்தான் இருந்தார். அருகில் இருப்பது தொடக்கத்தில் விழுந்த விதையை வளர்க்கிறது, விதை எது என்பதை அது பார்ப்பதில்லை.

மூன்றாவது காரணத்தை ஏற்றுக்கொள்ளத்தான் எனக்கு நேரம் பிடித்தது. நாங்கள் நெருக்கமானது ஆடிட் சமயத்தில். இருபது நாள், ராத்திரி ஒன்பது வரைக்கும் வேலை. ஒரு பழைய ஃபைல் காணவில்லை என்று நெஞ்சு அடித்துக்கொள்ள இரண்டு பேரும் ரிக்கார்ட் ரூமில் தரையில் உட்கார்ந்து கட்டு கட்டாகப் பிரித்துத் தேடினோம். கிடைத்ததும் ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டோம். அந்த இருபது நாளுக்கு அப்புறம்தான் அவள் என்னை மேடம் என்பதை விட்டு அக்கா என்றாள். டொனால்ட் டட்டனும் ஆர்தர் ஏரனும் 1974இல் வெளியிட்ட ஆய்வு கனடாவின் கபிலானோ தொங்கு பாலத்தில் நடந்தது. 450 அடி நீளம், கீழே 230 அடி ஆழம், நடந்தால் ஆடும். பாலத்தில் நின்ற ஆண்களிடம் ஒரு பெண் கேள்விகள் கேட்டுவிட்டு, ஆய்வைப் பற்றி மேலும் தெரிய வேண்டுமானால் கூப்பிடுங்கள் என்று தொலைபேசி எண் கொடுத்தாள். ஆடும் பாலத்தில் எண்ணை வாங்கிக்கொண்ட 18 பேரில் 9 பேர் கூப்பிட்டார்கள். ஆடாத பாலத்தில் வாங்கிக்கொண்ட 16 பேரில் 2 பேர். பயத்தில் துடித்த நெஞ்சுக்கு எதிரில் நின்ற பெண்ணைக் காரணமாக்கிக்கொண்டார்கள் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். அது ஆண் பெண் ஈர்ப்பைப் பற்றியது, ஆட்களும் குறைவு. ஆனால் நமக்குள் எழுந்த உணர்ச்சிக்கும் நாமே காரணம் தேடி ஒட்டவைக்கிறோம், சில சமயம் தப்பான இடத்தில் ஒட்டவைக்கிறோம் என்ற விஷயம் என் ரிக்கார்ட் ரூமுக்கும் பொருந்துகிறது.

இதனால் அவள் மேல் எனக்குள்ள பிரியம் குறைந்துவிடவில்லை. அவள் சொன்ன பஸ் கதையெல்லாம் நிஜமா என்று இப்போது துருவவும் எனக்கு மனசு இல்லை. அவருக்கு ஈடு செய்கிறேன் என்று இவளைச் சந்தேகப்படுவது இன்னொரு அநியாயம்.

பிடிப்பு காரணத்தை மாற்றுவது புரிகிறது. காரணம் பிடிப்பை மாற்றுமா? ஃபிரான்க் ஃபின்ச்சமும் தாமஸ் பிராட்பரியும் கணவன் மனைவியரிடம் வருஷக்கணக்காக இதைப் பார்த்தார்கள். மனக்கசப்பில் இருக்கும் தம்பதிகள், துணை செய்த தப்பு அவருடைய மாறாத சுபாவம் என்பார்கள். நல்லது செய்தால் ஏதோ இன்றைக்குச் செய்துவிட்டார் என்பார்கள். மனநிறைவோடு இருப்பவர்கள் நேரெதிர். 1987இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், மனைவிமார் அன்றைக்குக் காரணம் சொன்ன விதத்தை வைத்தே ஓராண்டு கழித்து அவர்களுடைய மனநிறைவு எப்படி இருக்கும் என்று ஓரளவு சொல்ல முடிந்தது. அப்படியென்றால் அந்த ஐந்து ‘வழக்கம்போல்’ வெறும் குறிப்புகளாக நின்றிருக்காது. எழுதிய ஒவ்வொரு தடவையும் அவர் எனக்கு இன்னும் ஒரு அடி தள்ளிப் போயிருப்பார்.

புதன்கிழமை மதியம் கோடி மேசைக்குப் போனேன். எழுந்து நின்றார். உட்காருங்க சார் என்று நானும் எதிரில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

“சார், நீங்க லேட்டா வந்தப்ப ஏன்னு நான் கேட்டதே இல்லன்னு நெனக்கிறேன்.”

“இல்ல மேடம். கேட்டதில்ல.”

“கேக்காமலே தப்பு தப்பா எழுதியிருக்கேன். அதுக்கு மன்னிச்சுக்குங்க. ஏன் சார் லேட்டாவும்?”

கொஞ்ச நேரம் மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். “சில நாள் பஸ்ஸு. சில நாள் நான் எழுந்திரிக்கிறதே லேட்டு மேடம். அதுல போய்ப் பொய் சொல்லுவானேன்.”

அவர் பெரிய துயரம் ஏதாவது சொல்லுவார் என்று நான் உள்ளுக்குள் எதிர்பார்த்துப் போயிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. அப்படி ஒன்றும் இல்லை. எல்லோருக்கும் போலப் பாதி சூழ்நிலை, பாதி அவர்.

கிளம்ப எழுந்தபோது அவரே சொன்னார். “நீங்க கறாரான ஆளுன்னு நெனச்சேன் மேடம். என்னையப் புடிக்காதுன்னும் நெனச்சேன். அதான் பேச்சை வளக்காம ஒதுங்கியே இருந்துட்டேன்.”

கறார்! எனக்குத் தெரிந்து நான் கறாரே இல்லை. 10.30க்குப் பட்டியல் போகாவிட்டால் எனக்குத்தான் பேச்சு விழும், அதனால் காலையில் யாரையும் நிமிர்ந்து பார்க்க நேரமில்லை. அவர் என்னிடம் பார்த்தது குணம், எனக்குத் தெரிந்தது பத்தரை மணி. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். ஜோன்ஸும் நிஸ்பெட்டும் 1971இல் இதைத்தான் சொன்னார்கள்: செய்கிறவருக்குத் தெரிவது சூழ்நிலை, பார்க்கிறவருக்குத் தெரிவது ஆள். பெர்ட்ராம் மாலே 2006இல் 173 ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்குப் பார்த்தபோது, மொத்தத்தில் அந்த வித்தியாசம் ஏறக்குறைய ஒன்றுமில்லை என்று வந்தது. ஆனால் கெட்டது நடந்தபோது அது தலைகாட்டியது. லேட் ரிஜிஸ்டரில் எழுதப்படுவது எல்லாமே கெட்டதுதானே.

அவர் சொன்ன இரண்டாவது விஷயம் இன்னும் ஆழமாகத் தைத்தது. கர்ட்டிஸும் மில்லரும் 1986இல், முன்பின் தெரியாத இருவரைச் சந்திக்க வைத்து, ஒருவரிடம் மட்டும் மற்றவருக்கு உங்களைப் பிடித்திருக்கிறது என்றோ பிடிக்கவில்லை என்றோ சொன்னார்கள். இரண்டுமே இட்டுக்கட்டியது. பிடித்திருக்கிறது என்று நம்பியவர்கள் மனம்விட்டுப் பேசினார்கள், குரலில் கனிவு இருந்தது, பிறகு அவர்களை மற்றவருக்கு உண்மையாகவே பிடித்துப்போனது. பிடிக்கவில்லை என்று நம்பியவர்கள் ஒதுங்கினார்கள், அவர்களை உண்மையாகவே அவ்வளவாகப் பிடிக்காமல் போனது. என் முகத்தைப் பார்த்து அவர் ஒதுங்கியிருக்கிறார். அந்த ஒதுக்கத்தைப் பார்த்து நான் ‘அக்கறையின்மை’ என்று எழுதியிருக்கிறேன். அதை எழுதிய முகத்தோடுதான் மறுநாளும் அவரைப் பார்த்திருப்பேன். இரண்டு வருஷம்.

பழைய வரிகளை அடிக்கக் கூடாது, அது பதிவேடு. ‘அக்கறையின்மை’ என்று எழுதியதற்கு நேரே, இது என் அனுமானம், அவரிடம் கேட்டு எழுதியதல்ல என்று ஓரத்தில் குறிப்பு எழுதித் தேதியோடு கையெழுத்துப் போட்டேன். ஐந்து ‘வழக்கம்போல்’களுக்கும் அதே குறிப்பு.

வெள்ளிக்கிழமை, என் கடைசி நாள். 10.20க்குக் கதவு திறந்தது. அவர்தான். நேராக என் மேசைக்கே வந்தார்.

“என்ன ஆச்சு சார்?”

“தூங்கிட்டேன் மேடம்.”

காரணக் கட்டத்தில் ‘தூங்கிவிட்டார்’ என்று எழுதி, நோட்டை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து படித்தார்.

“சரி மேடம்” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.